முதல் வரியில் துப்பாக்கி... முந்நூறு பக்கமும் தலைவலி!

முதல் வரியிலேயே துப்பாக்கி வெடிக்கிறது. ஒரு பெண்ணைச் சுட்டுவிடுகிறார்கள். முதலில் சுடப்பட்டவள் வெள்ளைக்காரி என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. சுட வந்தவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் கறுப்பர்கள், ஊரில் பெரிய மனிதர்கள். இடம்: அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம். ஊரைவிட்டு 17 மைல் தள்ளி, 'கான்வென்ட்' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பழைய மாளிகை. உள்ளே, போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்த சில பெண்கள்.

'அட, நம்ம பாக்கெட் நாவல் மாதிரி இருக்கே!' என்று நிமிர்ந்து உட்காருகிறீர்களா? உட்காருங்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல் போகிறது அந்த நாவல். கடைசிப் பக்கம் வரை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும், அந்தப் பெண்களில் வெள்ளைக்காரி யார் என்று ஆசிரியர் சொல்லவே மாட்டார். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே!

நாவலின் பெயர் 'பாரடைஸ்'. எழுதியவர் டோனி மாரிசன். 1993-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி. அம்மணி இந்த நாவலுக்கு முதலில் வைத்த பெயர் 'வார்', அதாவது போர். அந்தப் பெயரைப் பார்த்தால் வாசகர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் கவலைப்பட, அது 'சொர்க்கம்' ஆயிற்று.

பெயரை மாற்றியும் வாசகர்கள் மிரண்டார்கள். அதுவும் தனித்தனியாக வீட்டுக்குள் இல்லை. டி.வி.யில், ஊர் உலகம் பார்க்க!

ஓப்ராவின் வாசகர் வட்டம்

ஓப்ரா வின்ஃப்ரேயைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: அமெரிக்க டி.வி.யில் அந்த அம்மாள் ஒரு சோப்பைக் கையில் எடுத்துக் காட்டினால், மறுநாள் கடையில் அந்தச் சோப்பு இருக்காது. 1996 செப்டம்பரில் அவர் சோப்பை விட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஒரு நாவலைச் சொல்வார். சில வாரம் அவகாசம். நேயர்கள் வாங்கிப் படித்துவிட்டுக் கடிதம் போட வேண்டும். அப்புறம் சில வாசகர்களையும் எழுத்தாளரையும் வைத்து டி.வி.யிலேயே அரட்டை. வீட்டில் ஏழெட்டு சிநேகிதிகள் பலகாரத்தோடு நடத்துகிற வாசகர் வட்டத்தை, நாடு முழுக்கப் பந்தல் போட்டு நடத்தினார்.

ஆரம்பித்த இரண்டாவது புத்தகமே டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்'. 1977-ல் வந்த நாவல். பத்தொன்பது வருஷம் கழித்துத் திடீரென்று விற்பனைப் பட்டியலில் உச்சிக்கு ஏறியது. 'ஓப்ரா சொன்னால் யார் புத்தகம் வாங்குவார்கள்?' என்றுதான் மாரிசன் முதலில் நினைத்தாராம். அப்புறம் ராயல்டி கணக்கு வந்திருக்கும். நினைப்பை மாற்றிக்கொண்டார்!

அந்தச் சமயம் ஓப்ரா மாரிசனுக்கு போன் செய்து, 'உங்கள் வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது சொல்வதுண்டா?' என்று பதமாகக் கேட்டார். 'அதற்குப் பெயர்தான் வாசிப்பு, கண்ணு' என்கிற மாதிரி பதில் வந்தது. அமெரிக்காவில் இது பிரசித்தமான பதில்.

இந்தத் தைரியத்தில் 1998 ஜனவரியில் ஓப்ரா 'பாரடைஸ்' நாவலைத் தேர்ந்தெடுத்தார்.

வந்தது வினை.

"நான் நிறுத்திட்டேன் மேடம்"

அதுவரை வட்டத்துக்கு வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை குடும்பம், துக்கம், மீட்சி என்று நேர்கோட்டில் போகிறவை. படித்தால் கண்ணீர் வரும், கடைசியில் மனசு லேசாகும். 'பாரடைஸ்' அப்படி இல்லை. ஒன்பது அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர். கதை 1976-ல் தொடங்கி 1890-க்குப் போய், 1950-க்கு வந்து, நடுவில் எங்கேயோ இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்ப ஏறுகிறது. ஊருக்குள் இரட்டையர், அவர்களின் தாத்தா, தாத்தாவின் அண்ணன் தம்பி என்று ஏகப்பட்ட பெயர்கள். பக்கத்தில் பேப்பர் பென்சில் வைத்துக்கொண்டு வம்சாவளி போட்டால் ஒழிய, யார் யாருக்கு மாமன் என்று விளங்காது.

நேயர்கள் திணறினார்கள். ஓப்ராவே திணறினார். எனவே அந்த முறை, வழக்கமான அரட்டைக்குப் பதிலாக வகுப்பே நடத்துவதென்று முடிவாயிற்று. மாரிசன் பாடம் சொல்லிக் கொண்டிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சில வாசகர்களை அழைத்துப் போனார் ஓப்ரா. 1998 மார்ச்சில் அது டி.வி.யில் வந்தது.

அங்கே ஒரு பெண்மணி எழுந்து சொன்னதைத்தான் நான் தங்க எழுத்தில் பொறிக்க வேண்டும் என்பேன். அவர் சொன்னதன் சாரம் இது: 'இந்தப் புத்தகத்தை நேசிக்க வேண்டும், இதிலிருந்து வாழ்க்கைக்கு நாலு பாடம் கற்க வேண்டும் என்று ஆசையாகத்தான் வந்தேன். ஒரே குழப்பம். புரிந்துகொள்ள இத்தனை கஷ்டமான புத்தகத்தால் என்ன பிரயோஜனம் என்று தோன்றிவிட்டது. படிப்பதை நிறுத்திவிட்டேன்.'

எதிரில் உட்கார்ந்திருப்பது நோபல் பரிசு. சுற்றிலும் கேமரா. அந்த இடத்தில் 'நிறுத்திட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நம்மில் பலர் மேனேஜர் முகத்துக்கு எதிரே 'இந்த சர்க்குலர் புரியலை சார்' என்றுகூடச் சொன்னதில்லை.

மாரிசன் கோபப்படவில்லை. வெள்ளைக்காரி யார் என்ற விடையையும் கொடுக்கவில்லை. 'எழுதத் தகுதியான விஷயம் என்றால், திரும்பப் போய்ப் படிக்கவும் தகுதியானதுதான்' என்ற தோரணையில் பேசினார். வாசகர் வெளியே நின்று வேடிக்கை பார்க்காமல் கதைக்குள் இறங்கி வந்து பாதி வேலையைத் தானும் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

'காசு கொடுத்துப் புத்தகமும் வாங்கி, பாதி வேலையும் நானே செய்யணுமா?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

எல்லா வட்டத்திலும் இருக்கும் நாலு பேர்

உலகத்தில் எந்த வாசகர் வட்டமானாலும், ஒரு கனமான இலக்கிய நாவலை எடுத்த மாதத்தில் இந்த நாலு பேர் கட்டாயம் ஆஜர்:

ஒருவர், பின்அட்டை பார்ட்டி. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள நாலு வரியை வைத்து நாற்பது நிமிஷம் பேசுவார். 'படிமம்', 'தொன்மம்' எல்லாம் வரும். கதாநாயகன் பெயர் மட்டும் வராது.

இரண்டாமவர், பரிசு பார்ட்டி. 'இவ்வளவு பெரிய பரிசு கொடுத்திருக்கான்னா சும்மாவா?' என்பார். இன்னும் முதல் அத்தியாயத்தில்தான் இருக்கிறார்.

மூன்றாமவர், 'கதை என்ன சார்?' பார்ட்டி. முழுசாகப் படித்திருப்பார் பாவம். ஆனால் கதை நின்று நின்று போனதில் கோபம். 'இத்தனை பக்கம் சுத்தினதுக்கு இதை ஒரே பாராவில் சொல்லியிருக்கலாமே?' என்பார்.

நாலாமவர் மூலையில் மௌனமாக இருப்பார். பாதியில் நிறுத்தியவர். வாயைத் திறந்தால் மானம் போய்விடுமோ என்று பயம். 'நமக்குத்தான் அறிவு பத்தலை போல' என்று உள்ளுக்குள் குமைகிறவர். அடுத்த மாதம் அவர் வரமாட்டார். அதற்கடுத்த மாதம் புத்தகக் கடைப் பக்கமே ஒதுங்கமாட்டார்.

சங்கடம் முதல் மூன்று பேரால் இல்லை. அவர்கள் எந்தப் புத்தகத்தையும் தாங்குவார்கள். ஒரு நாவல் ஏமாற்றினால் உண்மையில் நஷ்டமாவது அந்த நாலாவது ஆசாமிதான்.

பரிசு கிடைத்தால் மார்க் குறையும்!

ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? புத்தகத்தின் குற்றமா, வாசகரின் குற்றமா? 2014-ல் பாலாஸ் கோவாக்ஸ், அமாண்டா ஷார்க்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார்கள். 2007 முதல் 2011 வரை பெரிய பரிசு வாங்கிய நாவல்களையும், இறுதிப் பட்டியல் வரை வந்து கோட்டை விட்ட நாவல்களையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 64 ஆங்கிலப் புத்தகங்கள். குட்ரீட்ஸ் தளத்தில் வாசகர்கள் எழுதிய 38,817 விமர்சனங்களை அலசினார்கள்.

என்ன தெரிந்தது? பரிசு கிடைத்ததும் வாசகர் கூட்டம் ஏறியது. மார்க் இறங்கியது!

காரணம் ரொம்ப எளிது. பரிசுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தவர்கள், அந்த ருசி உள்ளவர்கள். பரிசுக்குப் பின்னால் வந்தவர்களில் பலர், பரிசைப் பார்த்து வந்தவர்கள். பாகற்காய்ப் பிரியர்கள் மட்டும் சாப்பிட்டுக் கொண்டிருந்த மெஸ்ஸுக்கு, 'சிறந்த சமையல்' என்று பேப்பரில் வந்ததும் ஊரே திரண்டு போய் 'என்னய்யா, கசக்குது?' என்றால் சமையல்காரர் என்ன செய்வார்? பாகற்காய் கெட்டுப் போகவில்லை. வந்தவர்கள் நாக்கும் கெட்டுப் போகவில்லை. போர்டு மட்டும்தான் தப்பு.

பி.காம். பாஷையில் சொன்னால், ப்ராஸ்பெக்டஸில் சொன்னது ஒன்று, கொடுத்த டிவிடெண்ட் வேறு. ஓப்ராவின் நேயர்கள் எதிர்பார்த்த டிவிடெண்ட் வாழ்க்கைப் பாடம். மாரிசன் கொடுத்தது ஒரு கேள்வி. ஷேர்ஹோல்டர்கள் கூச்சல் போட்டதில் ஆச்சரியமில்லை.

நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த கை நம்முடையது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் கதவு தட்டப்படும். 'திறந்தாள்... திடுக்கிட்டாள்!' தொடரும். அந்தப் பழக்கத்தோடு இலக்கிய நாவலைத் திறந்தால், நாற்பது பக்கமாகியும் கதவை யாருமே தட்டுவதில்லை. கதவு என்ன மரத்தில் செய்தது என்றே எழுதிக் கொண்டிருக்கிறார்கள். அதனால் தொடர்கதை மட்டம் என்று அர்த்தமில்லை. அது வேறு வண்டி, இது வேறு வண்டி. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு பாசஞ்சரில் ஏறிவிட்டு, 'ஏன் எல்லா ஸ்டேஷனிலும் நிக்குது?' என்று கார்டிடம் சண்டை போடக் கூடாது.

பாதியில் மூடலாமா?

பாதியில் மூடுவது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தமாஷாக ஒரு 'ஹாக்கிங் இண்டெக்ஸ்' போட்டார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் காலம் பற்றிய புத்தகத்தை எல்லோரும் வாங்கினார்கள், யாரும் முடிக்கவில்லை என்ற கேலிதான் பெயர்க் காரணம். கிண்டில் கருவியில் வாசகர்கள் அதிகமாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்று பார்த்து, எதுவரை படித்திருப்பார்கள் என்று ஊகிக்கிற முறை. ஹாக்கிங் புத்தகத்துக்கு 6.6 சதவிகிதம். 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' என்ற தடிமனான இலக்கிய நாவலுக்கு 6.4. தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதாரப் புத்தகத்துக்கு 2.4. கிட்டத்தட்ட 700 பக்கப் புத்தகத்தில் அடிக்கோடெல்லாம் 26-ம் பக்கத்தோடு முடிந்தது! அதேசமயம் டோனா டார்ட்டின் 'த கோல்ட்ஃபிஞ்ச்' நாவலுக்கு 98.5. அதுவும் புலிட்சர் பரிசு வாங்கிய நாவல்தான். ஆக, பரிசு வாங்கியது எல்லாம் பாறாங்கல் என்று சொல்லிவிடவும் முடியாது.

'இருநூறு பக்கம் படிச்சாச்சு, இனி விடறதா?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறவர்களுக்குக் காஸ்டிங் பேப்பரில் ஒரு மருந்து இருக்கிறது. 'சங்க் காஸ்ட்' என்பார்கள். மூழ்கிப் போன செலவு. போனது போனதுதான். இனிமேல் போடப் போகிற செலவுக்கு இனிமேல் என்ன வரும் என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். படித்த இருநூறு பக்கம் திரும்பி வராது. மிச்சம் இருக்கிற நூற்றைம்பது பக்கத்தில் உங்களுக்கு ஏதாவது கிடைக்கும் என்று தோன்றினால் போங்கள். இல்லையென்றால் மூடுங்கள்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு சட்டமே போட்டார். ஐம்பது வயதுக்குள் இருந்தால் ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா, மூடிவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறில் வயதைக் கழித்துக்கொள்ளலாம். அறுபது வயதென்றால் நாற்பது பக்கம் போதும். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம்!

இதற்கு நேர் எதிரே நிற்கிறது கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற ஊரின் ஒரு வட்டம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்', 628 பக்கம். ஜாய்ஸ் எழுதவே 17 வருஷம் ஆனது. பல பாஷைகளை மிக்ஸியில் போட்டு அரைத்த மாதிரி இருக்கும். இவர்கள் 1995-ல் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம், அப்புறம் ஒரு பக்கம். முடித்தது 2023 அக்டோபரில். 28 வருஷம்! அந்த நாவலின் கடைசி வாக்கியம் பாதியில் நின்று, முதல் வாக்கியத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர்களும் மறு மாதமே முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கே யாரும் 'புரியலை' என்று வெட்கப்படுவதில்லை. யாருக்கும் புரியாது என்பதுதான் அந்த வட்டத்தின் சேர்க்கைக் கட்டணமே.

வெள்ளைக்காரி யார்?

இப்போது அந்த நியாயமான கேள்விக்கு வருவோம். காசும் கொடுத்து, வேலையும் நாமே ஏன் செய்ய வேண்டும்?

'பாரடைஸ்' நாவலில் வரும் ரூபி என்ற ஊர், கறுப்பர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஊர். வெள்ளையர்களால் விரட்டப்பட்டு, வெளுத்த தோலுள்ள கறுப்பர்களாலும் அவமானப்படுத்தப்பட்டவர்களின் வாரிசுகள். அந்தக் காயத்தை ஆற்றிக்கொள்ள அவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் ரத்தம்தான் சுத்தம் என்று கோடு போட்டுக்கொண்டார்கள். கோட்டுக்கு வெளியே இருந்த பெண்களைப் பார்த்து, 'இவர்களால்தான் ஊர் கெடுகிறது' என்று கணக்குப் போட்டுத் துப்பாக்கியோடு கிளம்பினார்கள்.

வாசகரான நாம் என்ன செய்தோம்? முதல் வரியைப் படித்த நிமிஷத்திலிருந்து, ஒவ்வொரு பெண்ணாக எடுத்து, 'இவள் வெள்ளையா? பேச்சைப் பார்த்தால் அப்படித் தெரியலையே, தலைமுடி எப்படி?' என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களின் பசி, பயம், பிள்ளையை இழந்த வேதனை எல்லாம் நம் கண் முன்னால் நடந்தது. நமக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே விஷயம்: என்ன நிறம்?

விடை கிடைக்காத எரிச்சல்தான் இந்த நாவல் நமக்குக் காட்டுகிற கண்ணாடி. 1983-லேயே மாரிசன் 'ரெசிடாடிஃப்' என்ற சிறுகதையில் இதே வித்தையைச் செய்தவர். இரண்டு சிநேகிதிகள், ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. யார் எது என்று கடைசி வரை சொல்லவில்லை.

அமெரிக்க சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? ஆபீசில் புதுசாக ஒருவர் சேர்ந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். 'சாருக்குச் சொந்த ஊர் எது?' 'ஊர்ல எந்தத் தெரு?' 'முழுப் பேர் என்ன சார்?' 'வெஜிடேரியனா?' எல்லாம் அன்பான விசாரிப்புதான். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள இந்தச் சுற்று வழி என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். விடை கிடைக்கும் வரை நமக்கும் இருப்புக் கொள்வதில்லை. மனிதர் நல்லவரா, வேலை தெரிந்தவரா என்பதெல்லாம் அப்புறம்!

மாரிசன் அந்த விடையை முந்நூறு பக்கத்துக்குக் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். நாம் செய்ய வேண்டிய பாதி வேலை அதுதான். 'எனக்கு ஏன் அது தெரிஞ்சே ஆகணும்?' என்று நம்மையே கேட்டுக்கொள்வது.

இது தெரிந்த பிறகும் உங்களுக்கு 'பாரடைஸ்' பிடிக்காமல் போகலாம். தாராளமாக. இத்தனை பெயர்கள் எதற்கு, கொஞ்சம் கருணை காட்டியிருக்கக் கூடாதா என்று கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் 'புரியலை, விட்டுட்டேன்' என்று அந்தப் பெண்மணி வாயைத் திறந்ததால்தான் பேச்சு அந்த இடத்துக்கு வந்தது. எல்லோரும் 'ஆஹா, அற்புதம்' என்று தலையாட்டியிருந்தால், மாரிசனும் நன்றி சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்.

வட்டம் நடத்துகிறவர்களுக்கு...

ஆபீசில் நாலு பேர் சேர்ந்து புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று யோசனை. கட்டணம் கிடையாது.

ஒன்று, கூட்டம் ஆரம்பித்ததும் 'புத்தகம் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பக்கத்தில் நிறுத்தினீங்க?' என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால், அங்கே ஏதோ சமாசாரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்து ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

இரண்டு, தேர்ந்தெடுக்கும்போதே இது எக்ஸ்பிரஸா பாசஞ்சரா என்று சொல்லிவிடுங்கள். பரிசை மட்டும் சொல்லி ஆள் பிடிக்காதீர்கள்.

மூன்று, கனமான நாவல் ஒன்று படித்தால், அடுத்த மாதம் விறுவிறுப்பாக ஒன்று. ஓப்ராவும் அப்படித்தான் மாற்றி மாற்றிக் கொடுத்தார். 'பாரடைஸ்' வாங்கிக் கொடுத்த அத்தனை திட்டுக்குப் பிறகும் அவர் மாரிசனை விடவில்லை. 2000-ல் 'த புளூயஸ்ட் ஐ', 2002-ல் 'சூலா' என்று மறுபடியும் இரண்டு நாவல்களை எடுத்தார். நேயர்களும் ஓடிவிடவில்லை. 2005 கோடையில் வில்லியம் ஃபாக்னரின் மூன்று நாவல்களைக் கொடுத்தார். ஃபாக்னர் பக்கத்தில் மாரிசன் அம்புலிமாமா!

எல்லாவற்றையும்விட முக்கியம், மூலையில் மௌனமாக இருக்கும் அந்த நாலாவது ஆசாமி. அவரை முதலில் பேசவிடுங்கள். பின்அட்டை பார்ட்டி எங்கேயும் போய்விட மாட்டார்.